மூன்றாவது அறை

அவள் எடுக்காத வீடியோ ஒன்று அவள் சேனலில் ஏறியிருந்தது.

பார்ப்பவர்களே அடுத்த காட்சியை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆப்பில் வந்த புது வசதிதான் இப்போது அவள் பிழைப்பு. ஒவ்வொரு பதிலுக்கும் முன்கூட்டியே வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு, ஜெயித்ததைப் போடுவாள். நேற்று ‘எந்த அறையைத் திறக்கட்டும்?’ என்று கேட்டபோது, மூன்று பதில் கொடுக்காமல் ஆப் விடவில்லை. வீட்டில் இருப்பதே இரண்டு அறை. கிடக்கட்டும் என்று ‘மூன்றாவது அறை’ என்று தட்டிவிட்டாள். ஜனங்களின் குசும்பைக் கேட்கவா வேண்டும், அதையே ஜெயிக்க வைத்துவிட்டார்கள்.

வீடியோவில் அவள் ஹால்தான். ஜன்னல் வழியே பட்டப்பகல் வெயில் விழுந்து கிடந்தது, ஃபேன் கடகடத்தது, சோபாவில் மடிக்காத துணி அப்படியே இருந்தது, ஆனால் டிவிக்குப் பக்கத்தில் வெறும் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கதவு ஒன்று இருந்தது, அதன் கைப்பிடியை அவளுடைய கை, அதே வளையலோடு, திருகிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் இருட்டு. கீழே புதுக் கேள்வி: யார் உள்ளே போகணும்? அம்மா. பாப்பா.

நிமிர்ந்து பார்த்தாள். வெறும் சுவர்தான். அதன் எதிரே நான்கு வயது மகள் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ ஈர சிமெண்ட் வாசனை வந்தது.

வீடியோவை அழிக்க முடியவில்லை. ‘அம்மா’வுக்கு ஓட்டுப் போட்டாள். ஆளுக்கு ஒன்றுதான். அக்காவைக் கூப்பிட்டுக் கெஞ்சிப் போட வைத்தாள். இரண்டும் சரிசமமாக ஏறின. ஓட்டு முடிய இன்னும் இரண்டு நிமிடம். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவந்துவிட்டாள். வெயில் சுட்டது. பக்கத்தில் யாரோ வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கொஞ்சம் மூச்சு வந்தது.

கணவனைக் கூப்பிட்டாள். அவன் சிரித்தான்.

“பாத்தேன், சூப்பர். நான் பாப்பாவுக்குத்தான் போட்டேன். அவ போனாத்தானே பாக்க அழகா இருக்கும்? ஆபீஸ் மொத்தமும் போட்டாச்சு.”

“மாத்தச் சொல்லுங்க. எல்லாரையும் மாத்தச் சொல்லுங்க.”

“ஒரு தடவ போட்டா போட்டதுதானேம்மா.”

நேரம் முடிந்தது.

இடுப்பில் கனம் இல்லை.

கை மட்டும் வளைந்தபடி நின்றது. போனில் அந்த ஹால். திறந்த கதவு. இருட்டுக்குள்ளே மகள், கையில் கலர் பென்சிலோடு, இந்தப் பக்கம் திரும்பி அம்மாவைத் தேடினாள்.

கீழே அடுத்த கேள்வி வந்தது. கதவைச் சாத்திடலாமா?

‘ஆமாம்’ ஏறிக்கொண்டே இருந்தது.