எழாத பந்தி

மனித குலம் இதுவரை மூன்று மாபெரும் விடுதலைகளை அடைந்திருக்கிறது. முதலாவது, பசியிலிருந்து. இரண்டாவது, கொள்ளை நோயிலிருந்து. மூன்றாவதும் முடிவானதுமான விடுதலை, ‘நாலு பேர் என்ன நினைப்பார்கள்’ என்ற அச்சத்திலிருந்து. அதை உலகுக்கு அருளியவர் பேராசிரியர் பிரணவ். இந்த வாசகத்தை எழுதியவரும் பேராசிரியர் பிரணவ்தான். அவர் கண்டுபிடித்த சபைமணியைக் கோவையில் ஓர் அரங்கில் முதன்முதலாகப் பொதுமக்களுக்கு ஒட்டிக் காட்டியபோது, முன்வரிசையில் நாலு பேருக்குச் சளி பிடித்திருந்தது. அரங்கம் முழுவதும் சாயங்காலம் வரை தும்மியது.

சின்னக் குறைதான், சரிசெய்துவிட்டார்கள். இப்போது அது இல்லாத காதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய மணி. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் போதும். பக்கத்தில் இருக்கிற நாலு பேர் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து, சராசரி எடுத்து, நரம்பை லேசாக ஒரு சுண்டு சுண்டும். உங்கள் கை தானாகத் தட்டும், முகம் தானாகச் சோகமாகும். எழவு வீட்டில் எவ்வளவு நேரம் உட்காருவது, மணமேடையில் புகைப்படத்துக்கு எத்தனை பல் காட்டுவது என்றெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மணியைக் கழற்றக் கூடாது என்று சட்டமெதுவும் இல்லை. பக்கத்தில் யாரும் கழற்றுவதில்லை, அவ்வளவுதான்.

அன்று பொள்ளாச்சியில் அந்தக் கல்யாண மண்டபத்தில், மணி இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் குழலி ஒருத்திதான். அவள்தான் கல்யாணப் பெண். கழுத்தில் தாலி ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

குழலி சின்ன வயதிலிருந்தே எதிலும் ஒட்டாதவள். எல்லோரும் எழுந்த பிறகு ரசத்துக்கு வருவாள். நகைச்சுவையை உடனே விழுங்க மாட்டாள். நன்றாக மென்று, சபை மறந்துபோன நேரத்தில் வயிறு குலுங்கச் சிரிப்பாள். மாப்பிள்ளை நன்மாறன் அவளிடம் விழுந்ததே அந்தச் சிரிப்பில்தான். ஒரு நாடகத்தில் அரங்கம் சிரித்து ஓய்ந்து, கதாநாயகி விதவையாகி அழுதுகொண்டிருந்த கட்டத்தில், பின்வரிசையிலிருந்து தன்னந்தனியாக ஒரு சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தான். கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவனைச் சுற்றியிருந்த நாலு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவனும் துடைத்துக்கொண்டான். அவளோடு சேர்ந்து சிரிக்க அவனுக்கு இதுவரை வாய்க்கவில்லை.

மாமியார் தர்ஷினி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். பந்தி எழுந்ததும் மருமகளுக்கு மணி ஒட்டிவிட வேண்டும். ஒட்டப்போகிறவர் சாட்சாத் பிரணவ், நன்மாறனுக்குப் பெரியப்பா. முன்னதாகவே சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளை அறையில் தனியாக உட்கார்ந்து, வெள்ளித் தட்டும் தங்க இடுக்கியுமாக உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வருகையை முன்னிட்டு மண்டபத்துக்குள் நுழைந்த குழந்தை குட்டிகளுக்கும், முரண்டு பிடித்த இரண்டு தாத்தாக்களுக்கும்கூட வாசலிலேயே மணி ஒட்டியிருந்தார்கள். ‘நூற்றுக்கு நூறு மண்டபம்’ என்று பலகை வைத்திருந்தது. பெண்கள் அத்தனை பேரும் கிளிப்பச்சைப் பட்டு கட்டியிருந்தார்கள்.

“ரசமே இன்னும் முடிக்கலியா நீ?” என்றான் நன்மாறன்.

“மிளகு தட்டுப்படுது மாறா. ஒவ்வொண்ணா எடுத்து வெக்கறேன்.”

“பயமா இருக்குதா?”

குழலி ஒரு மிளகை இலையோரம் தள்ளினாள். “நிச்சயத்தப்போ, ஒரு எள்ளுக்காக இவன விட்டுர்றதான்னு தலையாட்டீட்டேன். இப்பத்தான் யோசிக்கறேன். ஒட்டுனதுக்கு அப்பறம் நான் சிரிச்சா, அது நான் சிரிக்கறதா, பக்கத்துல நாலு பேரு சிரிக்கறதா?”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சுற்றியிருந்த நாலு பேரும் குனிந்து மோர் குடித்தார்கள். அவனும் குனிந்தான்.

“மெதுவாச் சாப்பிடு கண்ணு,” என்றாள் அந்தப் பக்கத்திலிருந்து தர்ஷினி. “பெரியப்பா காத்திருக்கறாரு. வேறொண்ணுமில்ல.”

“சரிங்கத்தை,” என்று குழலி இன்னும் மெதுவாகச் சாப்பிட்டாள்.

பரிமாறி என்கிற நாலு கை இயந்திரம் உருண்டு வந்து, “பாயசம் வைக்கட்டுங்களா?” என்றது. வைத்துக்கொண்டாள்.

மற்றவர்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். கை காய்ந்தது. யாரும் எழவில்லை. முதலில் இதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்து நாலு பேர் எழட்டும் என்று பார்த்தார்கள். அந்த நாலு பேரும் அப்படியே பார்த்தார்கள். மற்ற கல்யாணங்களில் மணி ஒட்டாத ஒரு குழந்தையோ, பேருந்தைப் பிடிக்க ஓடும் ஒரு கிழவரோ முதலில் எழுந்துவிடுவார். பின்னாலேயே பந்தி எழும். நூற்றுக்கு நூறு மண்டபத்தில் அப்படிப்பட்ட ஆள் ஒருவர்கூட இல்லை. முந்நூறு பேரும் ஒருவரை ஒருவர் மரியாதையாக எதிர்பார்த்தபடி சிலையாகிவிட்டார்கள்.

அசையாத ஆளை மணி கணக்கில் எடுப்பதில்லை. அந்த மண்டபத்தில் இப்போது அசைந்துகொண்டிருந்தவள் குழலி ஒருத்திதான்.

அவள் அப்பளத்தைப் பாயசத்தில் போட்டு நொறுக்கினாள். நன்மாறனும் தர்ஷினியும் வெறும் இலையில் எதையோ நொறுக்கினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள், அவர்களைப் பார்த்து எதிர்வரிசை. கடைசி மேசைவரை நொறுக்கல் ஓடி முடிந்தது. குழலி நிமிர்ந்து பார்த்தாள். மூக்கைச் சொறிந்தாள். முந்நூறு மூக்குகள் சொறியப்பட்டன. வங்கி மேலாளர் ஒருவர் பாயசக் கையாலேயே சொறிந்துகொண்டார். அவள் முழங்கை வரை வழிந்த பாயசத்தை நக்கினாள். ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் முழங்கையை நக்கினார்கள். சிலருக்கு நாக்கு எட்டவில்லை, ஆனாலும் விடவில்லை.

குழலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கம்போலத் தாமதமாக, அடிவயிற்றிலிருந்து வந்தது. மண்டபமே சிரித்தது.

பக்கத்தில் நன்மாறனும் சிரித்தான். ஆசையோடு அவன் பக்கம் திரும்பியவளின் முகம் வாடிப்போயிற்று. அவன் வாயிலிருந்து வந்தது அவளுடைய சிரிப்பு. அதே இழுப்பு, அதே குலுங்கல். மாமியார் வாயிலும் அதுதான், வங்கி மேலாளர் வாயிலும் அதுதான். தன் சிரிப்பை முந்நூறு பேர் சிரிக்கக் கேட்பது, ஒரே படத்தை வீடு முழுக்க மாட்டி வைத்ததுபோல் இருந்தது.

“உன் சிரிப்பு எங்கடா மாறா?” என்று கேட்டாள். முந்நூறு பேர் அதையே கேட்டார்கள்.

குழலி கொஞ்ச நேரம் யோசித்தாள். மண்டபம் யோசித்தது. பிறகு அவள் இடக்கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், அங்கே இல்லாத எதையோ நகத்தால் சுரண்டி எடுத்து, இலையோரத்தில் கறிவேப்பிலையோடு வைத்தாள்.

ஒட்டுவதற்குத்தான் பேராசிரியர் வேண்டும்; எடுக்க நகம் போதும். முந்நூறு இலையோரங்களில் முந்நூறு மணிகள் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தன.

பிறகு வங்கி மேலாளர் எழுந்து நின்று, “எனக்கு அவியலே புடிக்காதுங்க!” என்று முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டார். ஒரு தாத்தா நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து, மறுபடி சாம்பாரிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். இரண்டு பெண்கள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து பேசினார்கள். ஒருவர் காரணமில்லாமல் விசிலடித்தார். பரிமாறி திணறிப்போய், “எல்லாருக்கும் எல்லாமுங்களா?” என்று சுற்றிச் சுற்றி வந்தது.

தர்ஷினி தன் கிளிப்பச்சைப் பட்டைத் தூக்கிப் பார்த்தாள். “இந்தக் கலரு எனக்குச் சுத்தமாப் புடிக்காது,” என்றாள். பிறகு மருமகளை முறைத்தாள். “ஏங்கண்ணு, நீ வேணும்னேதான பண்ணுன? பந்தி எழுந்ததும் ஒட்டிக்கறேன்னு சொன்னயா இல்லியா?”

“சொன்னனுங்கத்தை. பந்தி இன்னும் எழலீங்களே.”

தர்ஷினி மண்டபத்தைப் பார்த்தாள். பாதிப் பேர் கை கழுவப் போயிருந்தார்கள். மீதிப் பேர் இரண்டாம் தடவை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இது எழுந்த பந்தியா எழாத பந்தியா என்று அவளால் முடிவுகட்ட முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எல்லோரும் வேறு பேச்சுக்குப் போன பிறகு, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதைப் பார்த்து நன்மாறனும் சிரித்தான். முட்டையிட்ட கோழி கத்துவதுபோல் ஒரு சத்தம், நடுவில் ஒரு விக்கல்.

“ஐயோ, இதா உன் சிரிப்பு?” என்றாள் குழலி.

“தெரியல. நானே இப்பத்தான் கேக்கறேன்.”

“மறுபடியும் சிரி.”

சிரித்தான். மோசமாகத்தான் இருந்தது. அவள் தாளமில்லாமல் கூடச் சேர்ந்துகொண்டாள்.

மணிகள் இலைகளோடு சேர்ந்து எருக்குழிக்குப் போயின. அடுத்த வாரமே பொள்ளாச்சியில் மணி கழற்றுவது பரவியது. அதற்கடுத்த வாரம் கோவையில். காரணம் கேட்டால், நாலு பேர் கழற்றுகிறார்கள் என்றார்கள். ‘தனித்திருப்போர் பேரவை’ என்று ஒன்று தொடங்கி, எல்லோரும் ஒரே மாதிரி ஊதாச் சட்டை போட்டுக்கொண்டு குழலியைத் தலைவியாக இருக்கக் கேட்டார்கள். அவள் அவர்களை உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் சிரித்தாள்.

பேராசிரியர் பிரணவுக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியவந்தது. கல்யாணத்தன்று அவரை யாரும் அழைக்க வரவில்லை. ஆளில்லாத அறையில் மணி சும்மா இருக்கும். மணி சும்மா இருந்தால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஆகவே தங்க இடுக்கியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் மண்டபத்தைப் பெருக்க நாலு பெண்கள் வந்தார்கள். பேராசிரியரும் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தைப் பெருக்கினார். மேசைக்கு அடியில் அவருக்குச் சரியாகக் குனிய வரவில்லை.