சுடாத சிவப்புப் பட்டன்

எனக்கு யார்மேலும் லேசில் நம்பிக்கை வராது. கேம் கடை வைத்திருப்பவனுக்கு வரவும் கூடாது.

என் கடை கொடைக்கானல் ஏரிக்கு இறங்கும் சரிவில் இருக்கிறது. உள்ளே பீரோ உயரத்துக்கு ஒரு பழைய கேம் மெஷின். திரையில் ஒரு குட்டி வீரன் பலகைக்குப் பலகை தாவுவான். தாவ நீலப் பட்டன். பாதி வழியில் வௌவால் கூட்டம் வரும். அதைச் சுடச் சிவப்புப் பட்டன்.

லீவு விட்டதும் கூட்டம் வந்தது. சாக்லேட் தின்ற கையோடு பட்டனைப் பிசைந்தார்கள். அதனால் கடை திறந்ததும் ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தேன்.

துடைத்த முதல் நாளே சிவப்புப் பட்டன் சுடவில்லை. முந்தின நாள் கடைசியாக ஆடியவள் பிரின்ஸி. ஐந்தாம் வகுப்பு. வௌவால்களைத் தாண்டிக் கடைசிக் கோட்டை வாசல்வரை போன ஒரே ஆள்.

"நீதான் குத்திக் குத்தி ஒடச்சிட்ட!" என்றேன்.

"இல்ல தாத்தா. நான் ஆடி முடிச்சப்போ நல்லாத்தான் இருந்துச்சு."

"ஒடச்சவங்க எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க."

வாசலில் சாக்பீஸால் கோடு போட்டேன். "இதத் தாண்டி வரக் கூடாது."

"லீவு முடியுறதுக்குள்ள கோட்டையப் பிடிக்கணும் தாத்தா!" அவள் கண் கலங்கியது. நான் அசையவில்லை.

மதியம் பட்டன் தானாக வேலை செய்தது. மறுநாள் காலையில் மறுபடி மக்கர். எனக்குச் சந்தேகம் கூடியது. பிரின்ஸியோ சாக்பீஸ் கோட்டை ஒட்டிக் கால் வைத்து நின்று, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, வேவு பாக்குறியா?"

"ஆமா தாத்தா."

இப்படி நேராகப் பதில் சொல்பவர்களை நான் இன்னும் நம்ப மாட்டேன்.

மூன்றாம் நாள் வெள்ளனே வந்துவிட்டாள். நான் துணியை வாளியில் முக்கி, பட்டனைத் துடைத்தேன்.

"அந்தத் துணியப் பிழிங்க தாத்தா."

"எதுக்கு?"

"சும்மா பிழிங்களேன்."

பிழிந்தேன். தண்ணீர் கொட்டி என் கால் நனைந்தது.

"சிவப்புப் பட்டன் ஓரத்துல விரிசல் இருக்கு. அதுவழியாத் தண்ணி உள்ள போகுது. இந்தக் குளிர்ல என் ஸ்வெட்டரே ரெண்டு நாளாக் காயல. பட்டனும் வெயில் ஏறுனப்புறம்தான் காயுது."

நான் அதையும் நம்பவில்லை. மறுநாள் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, சிவப்பை அமுக்கினேன். டுப், டுப், டுப்! மூன்று வௌவால் விழுந்தன.

அப்போது குகன் ஓடிவந்தான். அவள் வகுப்புப் பையன். "சரியாயிருச்சா? யாரு தாத்தா ஒடச்சது?"

கோட்டுக்கு வெளியே நின்ற பிரின்ஸி முந்திக்கொண்டாள். "யாரும் ஒடைக்கல. பனி எறங்கிருச்சு, அவ்வளவுதான்."

என் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம்!

"பனியுமில்ல, கினியுமில்ல. நான்தான்லே," என்றேன்.

குகன் வாயைப் பிளந்தான். நான் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வாசலில் குந்தி, சாக்பீஸ் கோட்டை அழுத்தித் துடைத்தேன்.

"உள்ள வா புள்ள, வெரசா. வௌவால் காத்துக் கெடக்கு."