சீட்டுக்கு அடியில் நீல நூல்

அகஸ்டினுடைய ஸ்கூட்டருக்கு வயது முப்பத்தொன்று. முன்சீட்டு தனி, பின்சீட்டு தனி. பின்சீட்டின் ஸ்பிரிங் எந்த எண்ணெய்க்கும் மசியாது. யாராவது ஏறி உட்கார்ந்தால் 'கிறீச்' என்று ஒரு சத்தம் போடும். மனைவி ரோஸி ஏறிவிட்டாளா என்று அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கிறீச் கேட்டால் கியரைப் போடுவார். ஒருமுறை சாந்தோம் கோயில் வாசலில் ரோஸி அரிசிப் பையை மட்டும் தூக்கி வைத்தாள். மனுஷன் பையோடு மந்தைவெளி வரை போய்விட்டார். அதை வைத்து வீட்டில் இன்னும் அவரை ஓட்டுகிறார்கள்.

அன்று மதியம் மூன்று மணிக்கு அந்த ஸ்கூட்டரை நந்தனத்தில், அண்ணா சாலையின் இரைச்சலிலிருந்து உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் ஒரு பழைய கிளப்பின் கிரிக்கெட் மைதானத்துக்குள் ஓட்டிவந்தார். கல்லறைத் திருநாள் முடிந்து மூன்று நாள். மழை காலையில் பெய்து ஓய்ந்து, அடுத்ததற்குத் தயாராக வானம் கறுத்துக் கிடந்தது. புல் முழங்காலுக்கு வளர்ந்திருந்தது.

ஷெட் வாசலில் ஆரோக்கியராஜ் நின்றான். ரோஸியின் தம்பி. நாற்பது வயதில் எத்தனையோ வேலை பார்த்துவிட்டுப் போன மாதம்தான் இங்கே மைதானத்தைப் பராமரிக்கிற வேலையில் சேர்ந்திருந்தான்.

"வந்துட்டியா மாமா? உன்னக் கூட்டினு வர்றதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிப் போச்சு."

ஞாயிற்றுக்கிழமை மேட்ச். ஷெட்டில் பல வருஷமாக முடங்கிக் கிடக்கும் மோவரை, அதாவது உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் வண்டியை, ஓடவைக்க வேண்டும். இரண்டு வாரமாக அகஸ்டின் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இடுப்பு வலி என்றார், படகு வேலை என்றார். நேற்று ஆரோக்கியராஜ் போன் செய்து, "பரவால்ல மாமா, புதுப்பேட்டையிலேர்ந்து பீர் முஹம்மது பாய் வர்றேன்னுட்டாரு" என்றதும் இடுப்பு வலி பறந்துவிட்டது. வேறொரு மெக்கானிக் அந்த வண்டியின் சீட்டைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. அது ஒன்றுதான் அவர் கவலை.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டுபவர் அதில் உட்கார்ந்திருக்கும் வரைதான் வண்டிக்கு அடியில் பிளேடு சுழலும். அவர் எழுந்தால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், பிளேடு நின்றுவிடும். யாரும் தெரியாமல் கையை விட்டுவிடக் கூடாது என்று சீட்டுக்கு அடியில் அதற்கென்றே ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன் இங்கே புல் வெட்டியவர் நொச்சிக்குப்பத்து சுப்பராயன். அந்த ஸ்விட்ச் துருப்பிடித்துப்போய், வண்டி ஒவ்வொரு மேட்டில் குலுங்கும்போதும் பிளேடு நின்று அவர் உயிரை வாங்கியது. புது ஸ்விட்ச் வர ஒரு மாதம் ஆகும். குப்பத்துப் படகு இன்ஜின்களைப் பார்க்கிற அகஸ்டினைக் கூப்பிட்டார். நடுக்கடலில் எதுவும் நிற்கக் கூடாது என்பதைத் தவிர அகஸ்டினுக்கு வேறு வேதம் தெரியாது. ஸ்விட்சிலிருந்து இரண்டு ஒயரையும் உருவி, ஒன்றாக முறுக்கி டைரக்ட் கொடுத்தார். உப்புக்காற்றில் டேப் நிற்காது என்று படகுகளில் செய்வதுபோலவே முறுக்கின்மேல் நீல வலைநூலைச் சுற்றி, கடைசி முடிச்சை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டார். கடற்கரையில் அப்படி முடிச்சுப் போடுகிறவர் அவர் ஒருவர்தான்.

"ஒன்னும் ஆவாதே நைனா?" என்று சுப்பராயன் கேட்டார்.

"ஒன்னும் ஆவாது."

இனிமேல் இறங்கினாலும் பிளேடு நிற்காது என்பதைச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்தவர், சுப்பராயனைப் புல்லில் பார்த்தார். அடைத்துக்கொண்ட ஈரப் புல்லை எடுக்க இறங்கி, பழக்கத்தில் கையை உள்ளே விட்டிருக்கிறார். வலது கையில் நான்கு விரலும் இல்லை. ஆளில்லாத மைதானத்தில் ரத்தமெல்லாம் வடிந்து முடிந்திருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அகஸ்டின் அழுதார். அழுதுகொண்டே நீல நூலை அறுத்தார். ஒயர்களைப் பழையபடி ஸ்விட்சில் செருகினார். முறுக்கிய தழும்பு மட்டும் ஒயரில் நின்றுவிட்டது. சைட் ஸ்கிரீன் என்கிற பெரிய வெள்ளைத் தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு செங்கல்லைத் தூக்கிவந்து சீட்டின்மேல் வைத்தார். அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டுக் கத்தினார்.

பிளேடு நிற்காமலிருக்க சுப்பராயனே சீட்டில் கல்லை வைத்துவிட்டு இறங்கினான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தானே தேடிக்கொண்ட சாவு என்று அவர் மனைவி குப்பம்மாவின் காதுபடவே சொன்னார்கள். அவளும் நம்பினாள். அகஸ்டின் வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில் ஒரு மெழுகுவத்தி அதிகமாக ஏற்றுவார். யாருக்கு என்று ரோஸி கேட்டால், "பொதுவா" என்பார். அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்திருந்தார்.

இப்போது ஆரோக்கியராஜ் தார்ப்பாயை இழுத்தான்.

அப்போதுதான் வெட்டிய புல்லின் வாசனை குப்பென்று அடித்தது. ஷெட்டுக்குள் பச்சையாக ஒரு புல்லும் இல்லை. தூசியும் எலிப்புழுக்கையும் காய்ந்த ஆயிலும்தான் இருந்தன.

"பெட்ரோல் வாங்கினு வா மச்சான்" என்று அவனை அனுப்பிவிட்டு அகஸ்டின் வேலையில் இறங்கினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். புது பிளக் போட்டார், கொண்டுவந்த பேட்டரியை மாட்டினார். கை தன்பாட்டுக்கு ஓடியது. மனசு மட்டும் சீட்டின் பக்கம் போவதும் திரும்புவதுமாக இருந்தது. கடைசியில் வேறு வேலை மிச்சமில்லை. சீட்டைத் தூக்கினார்.

இரண்டு ஒயரும் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தன.

மேலே நீல வலைநூல்.

தூசி படாத, புத்தம் புது நூல். கடைசி முடிச்சு உள்பக்கமாகத் திருப்பிப் போடப்பட்டிருந்தது.

அன்று அறுத்த நூலை அவர் அடையாறு பாலத்தின் மேலிருந்து ஆற்றில் எறிந்திருந்தார். அது தண்ணீரில் விழுந்ததைக் கண்ணால் பார்த்திருந்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நூலை மறுபடி அறுத்தார். கொண்டுவந்திருந்த புது ஸ்விட்சைப் பொருத்தி ஒயர்களைச் சரியாகச் செருகினார். இந்தத் தடவையாவது ஒழுங்காகச் செய்துவிட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆரோக்கியராஜ் கேனோடு வந்து பெட்ரோலை ஊற்றிவிட்டு, கை கழுவக் குழாயடிக்குப் போனான். அகஸ்டின் ஏறி உட்காரவில்லை. பக்கத்தில் நின்றபடியே சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமியது, புகை கக்கியது, பிடித்துக்கொண்டது. பிளேடுக்கான குமிழை இழுத்துப் பார்த்தார். சீட்டில் ஆள் இல்லை. பிளேடு சுழலக் கூடாது.

விர்ரென்று சுழன்றது.

குனிந்து சீட்டைப் பார்த்தார். கிழிந்த ரெக்ஸின் நடுவில் பள்ளமாக அமுங்கியிருந்தது. அதன் ஸ்பிரிங் அடியோடு நசுங்கியிருந்தது.

யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

இன்ஜின் இரைச்சலுக்கு அடியிலிருந்து, காதுக்கு மிகப் பக்கத்தில், ஒரு குரல் கிசுகிசுத்தது.

"கல்லு எங்க நைனா?"

அவர் குமிழைத் தட்டி அணைத்துவிட்டுச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார். அதற்குள் ஆரோக்கியராஜ் சத்தம் கேட்டு ஓடிவந்து, "கில்லாடி மாமா நீ!" என்று ஒரே தாவலில் சீட்டில் ஏறிவிட்டான். ஏறியவன் தோளைக் குலுக்கினான். "இன்னா மாமா, சீட்டு இப்புடி ஜில்லுனு கீது?"

"எறங்குடா."

"ஏன்? ஒன்னும் ஆவாதில்ல?"

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்தது சொல்ல வேண்டும், அதற்கடுத்து ரோஸிக்குத் தெரியும், கோயிலுக்குத் தெரியும், குப்பம் முழுக்கத் தெரியும். அகஸ்டினின் வாய் தானாகத் திறந்தது.

"ஒன்னும் ஆவாது."

வண்டி புல்லில் இறங்கியது. முதல் சுற்று ஒழுங்காகப் போனது. இரண்டாவதும் போனது. அகஸ்டின் எல்லைக் கயிற்றருகே நின்று, தெரிந்த ஜெபத்தையெல்லாம் பாதிப் பாதியாகச் சொன்னார். மழை தூறத் தொடங்கியது. மூன்றாவது சுற்றில், மைதானத்தின் அந்தக் கோடியில், சைட் ஸ்கிரீனுக்கு எதிரே வண்டி திணறி நின்றது. ஈரப் புல் அடைத்துவிட்டது.

சுப்பராயன் கிடந்த அதே இடம்.

ஆரோக்கியராஜ் இன்ஜினை அணைக்காமல் இறங்கினான். அவன் இறங்கியும் சீட்டு மேலே எழும்பவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து புல் துகள் சிதறுவது இங்கிருந்தே அகஸ்டினுக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரியவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு குனிந்தான்.

"கை வெக்காதடா!"

இன்ஜின் சத்தத்தில் அது போய்ச் சேரவில்லை. அகஸ்டின் ஓடினார். ஐம்பத்தெட்டு வயசில், இல்லாத இடுப்பு வலி எல்லாம் நிஜமாகவே வந்து பிடிக்க, வழுக்கும் புல்லில் விழுந்து எழுந்து ஓடினார். அவன் விரல்கள் புல் தள்ளும் வாயருகே போய்விட்டன. காலரைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் சேற்றில் மல்லாந்தார்கள்.

"இன்னா மாமா நீ! ஒன்னும் ஆவாதுன்னு நீதான சொன்ன?"

அகஸ்டின் வண்டியைக் காட்டினார். ஆரோக்கியராஜ் பார்த்தான். சுழலும் பிளேடைப் பார்த்தான், ஆளில்லாமல் அமுங்கியிருக்கும் சீட்டைப் பார்த்தான்.

வண்டி நகர்ந்தது.

யாரும் தொடாமல், மெதுவாக, அவர்கள் கால்களை நோக்கி வந்தது. ஆரோக்கியராஜின் கால் சேற்றில் வழுக்கி வழுக்கி எழ மறுத்தது. குரல் இப்போது கிசுகிசுக்கவில்லை.

"கல்லு எங்க நைனா?"

"நான்தான் வெச்சேன்!" என்று அகஸ்டின் அலறினார். "கல்ல வெச்சது நானு சுப்பராயா! ஒயர டைரக்ட் குடுத்தது நானு! உன் மேல தப்பு இல்ல, அவன விட்று!"

வண்டி நின்றது. பிளேடு நின்றது. சீட்டு டக்கென்று மேலே எழும்பியது. மழை மட்டும் கேட்டது.

ஆரோக்கியராஜ் எழுந்து வண்டியின் சாவியை உருவிக்கொண்டான். பேசியபோது மாமா என்று கூப்பிடவில்லை.

"குப்பம்மாக்கா கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நானே சொல்றேன்டா. இன்னிக்கே சொல்றேன். சத்தியமா."

அந்த நிமிஷத்தில் அது உண்மைதான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஐந்தரை மணிக்கு நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் வியாபாரம் சூடாக நடந்துகொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. குப்பம்மா தார்ப்பாய்க் குடைக்குக் கீழே சங்கரா மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அகஸ்டின் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போய் எதிரில் நின்றார்.

"இன்னா நைனா, சட்டையெல்லாம் சேறு? எங்க வுழுந்த?"

"நந்தனம் போயிருந்தேன். அந்த கிரவுண்டுக்கு."

அவள் கத்தி நின்றது. "அந்த மனுஷன் பண்ண வேலைக்கு நான் இன்னும் ஊர் வாய்ல வுழுந்துக்கினு கீறேன்" என்றாள். "கல்ல வெச்சிட்டு எறங்குவாங்களா யாராச்சும்? எம் பசங்க கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? நீ ஒருத்தன்தான் நைனா அன்னிக்கி அவருக்காக அழுதது."

அகஸ்டின் சொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலுக்கு வருகிற டீச்சர் ஒருத்தி இறால் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். வண்டி அங்கே நந்தனத்தில் பூட்டிய ஷெட்டுக்குள் இருக்கிறது, ஆரோக்கியராஜ் பிழைத்துவிட்டான், சுப்பராயனிடம்தான் சொல்லியாகிவிட்டதே. மனசு இப்படி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது.

"இன்னா நைனா? இன்னாவோ சொல்ல வந்த?"

"ஒன்னும் இல்லக்கா. சும்மா இப்படிக்கா வந்தேன்."

திரும்பி நடந்தார். ஆரோக்கியராஜை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். அடுத்த வருஷம் மெழுகுவத்தியை இரண்டாக்கிவிடலாம். ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது.

பின்னால் 'கிறீச்' என்றது.

முப்பத்தொரு வருஷப் பழக்கம். கை யோசிக்காமல் கியரைப் போட்டது. வண்டி நகர்ந்து லைட் ஹவுஸ் பக்கமாகப் பத்தடி போன பிறகுதான், ரோஸி வீட்டில் இருக்கிறாள் என்பது அவருக்கு உறைத்தது.

மீன் வாடையையும் கடல் காற்றையும் மீறிக்கொண்டு, அப்போதுதான் வெட்டிய புல்லின் வாசனை வந்தது.

பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை.

பின்சீட்டிலிருந்து ஒரு கை வந்து, விழாமலிருக்கப் பிடித்துக்கொள்வதுபோல, அவர் வலது தோளில் அழுத்தமாக உட்கார்ந்தது. சில்லென்று ஈரமாக இருந்தது. உள்ளங்கையும் கட்டைவிரலும் மட்டும் இருந்தன.