கடைசி வரிசை ஜன்னலோரம்

இந்தக் காலத்து ஜனங்கள் வெட்கத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். ஒருத்தன் மென்ற சூயிங்கத்தைச் சீட்டுக்கு அடியில் ஒட்டுவான். ஒருத்தி குழந்தையின் டயப்பரைச் சாப்பாட்டுத் தட்டில் சுருட்டி வைப்பாள். விமானம் கழுவியே தலை நரைத்த கிழவருக்கு இதெல்லாம் பழக்கம்தான். ஆனால் நகம்? பின் வரிசைகளின் தரைவிரிப்பெங்கும் நகத்துண்டுகள் கிடந்தன. மிதித்தபோது முட்டை ஓடு போல நொறுங்கின.

"இங்க வந்து பாருங்க. ஒரு ஆள் வெட்டுற நகமா இது?"

"பொழுது போகாம வெட்டியிருப்பாங்க. கூட்டித் தள்ளுங்க பெரியவரே, மக வெளியில காத்துக்கிட்டிருப்பா," என்றாள் முன்வாசலில் நின்ற சூப்பர்வைசர். கிழவரின் மகள் இந்த விமானத்தில்தான் வந்திருந்தாள்.

பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர், பதினாலு மணி நேரம். கிழவர் அந்தக் கணக்கை என்றைக்கும் நம்பியதில்லை. கப்பலில் மாதக்கணக்கில் ஆகிற தூரத்தை ஒரு தூக்கத்தில் தாண்டினால், மிச்ச நாளெல்லாம் எங்கே போகும்? நேற்று போனில் கேட்டதற்கு மகள் சிரித்தாள். "நீங்க பால்காரனையே நம்ப மாட்டீங்க, பைலட்டையா நம்பப் போறீங்க?" பிறகு, கிளிப்பச்சைச் சாயம் பூசிய நகங்களைப் படமெடுத்து அனுப்பினாள். "எதுக்குடி இந்தக் கருமம்?" என்று திட்டியிருந்தார்.

வெளியே பட்டப்பகல். உள்ளே ஜன்னல் மறைப்புகள் இறங்கிக் கிடக்க, பின்னால் போகப் போக, வியர்வையில் ஊறிய தலையணையும் மாற்றாத புண்கட்டும் கழுவாத வாயும் கலந்த ஒரு நாற்றம், பல வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களின் அறையில் மட்டுமே வரும் நாற்றம், முகக்கவசத்தைத் தாண்டி வந்து நாக்கில் ஒட்டியது.

கடைசி வரிசை ஜன்னலோரம். மகள் தன் சீட் என்று சொன்ன இடம். போர்வை குவிந்திருந்தது, ஆள் உட்கார்ந்த மாதிரி. இழுத்தார்.

முடி. கத்தை கத்தையாக. மேலே பஞ்சு வெளுப்பு. நடுவில் நரை. அடியில் கறுப்பு. அதற்கும் கீழே நகம். ஒரு வாளி தேறும். மேலே கிடந்தவை மஞ்சளாக, கொம்பு போலத் தடித்து, சுருண்டு. அவர் கால் நகம் மாதிரி. தோண்டினார்.

அடியில் பச்சை.

கிளிப்பச்சை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. "அப்பா, பெட்டி எடுத்துட்டேன். எங்க இருக்கீங்க?"

"பயணம்... எப்படிம்மா இருந்துச்சு?"

"தெரியலப்பா. உட்கார்ந்தேன், கண்ண மூடினேன், வந்துட்டேன். பசிதான் உயிர் போகுது."

வருகை வாசல் கண்ணாடிக்கு அப்பால் மகள் நின்றாள். அதே சிரிப்பு. அதே சாய்ந்த தோள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். பத்து விரலிலும் கிளிப்பச்சை. ஒரு கீறல் இல்லை.

கூட வந்த சூப்பர்வைசர் சிரித்தாள். "பாத்தீங்களா பெரியவரே, மக பத்திரமா வந்து சேந்துட்டா."

"அவ வரல," என்றார் கிழவர். விமானம் நின்ற பக்கம் திரும்பி நடந்தார்.

பின்னால், நகத்தால் கண்ணாடியைத் தட்டும் சத்தம். டக். டக். டக். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கைக்குள் மூடியிருந்த பச்சைத் துண்டு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.