குழந்தைகள் விளையாடும் தெரு

தெருவில் ஆளே இல்லை என்று தரகர் சொன்னபோது, அவளுடைய காதில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊர் வேறு மாநிலத்தில் இருந்தது. வாடகைக்கு விட ஒரு வீடு வாங்குவதென்று முடிவானதிலிருந்து, கால் பதித்திராத தெருக்களைப் பற்றியே அவளும் கணவனும் பேசிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், பேருந்து நிற்குமா, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்கும் என்று அவன் வரைபடங்களைத் திரையில் விரித்துத் துருவுவான். அவளுடைய வழி வேறு. அந்தி சாயும் வேளையில் தரகரை வீடியோ காலில் தெரு முழுக்க நடக்கச் சொல்லிவிட்டு, கண்களை மூடிக்கொள்வாள். குழந்தைகளின் சத்தம் கேட்கிற தெருவில் குடிவந்தவர்கள் சீக்கிரம் காலி செய்ய மாட்டார்கள் என்பது அவள் நம்பிக்கை.

"அப்போ எதுக்கு மேடம் வீடியோ கால்? சாதா காலே போதுமே. நான் பாட்டுக்கு ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறேன், போறவங்க வர்றவங்க எல்லாம் ஒரு மாதிரியா பாக்குறாங்க" என்று தரகர் சிரிப்பார்.

இந்தத் தெருவில்தான் அவரை அப்படிப் பார்க்கவும் ஆளில்லை. கண்களைத் திறந்தாள். சாத்திய கேட்டுகள், காய்ந்த சருகுகள், இன்னும் எரியாத விளக்குக் கம்பம். மூடினாள். சிமெண்ட் தரையில் படபடக்கும் சின்னச் செருப்புகள், சுவரில் மோதித் திரும்பும் பந்து, எங்கோ அடக்க முடியாமல் பொங்கிய சிரிப்பு, இவற்றுக்கெல்லாம் அடியில் சுவரில் முகம் புதைத்துக்கொண்டு எண்ணும் ஒரு குரல். அஞ்சு, ஆறு, எட்டு.

ஏழு என்ற எண்ணை எப்போதும் விட்டுவிட்டு எண்ணியவன் அவளுடைய மகன். காய்ச்சலில் அவன் போன பிறகு, அவனுடைய அறைக்கதவை இருவருமே திறக்கவில்லை. மூடிய அறையிலிருந்து அந்துருண்டை வாசனை மட்டும் கூடத்துக்குக் கசிந்துகொண்டிருந்தது.

"இந்தத் தெருதான்" என்றாள் கணவனிடம்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் எதையேனும் வேண்டும் என்று கேட்டே வெகுகாலமாகியிருந்தது. "உனக்குப் பிடிச்சிருந்தா சரிம்மா. அதுக்கு மேல எனக்கு என்ன" என்றான்.

பத்திரப் பதிவுக்குப் போனபோது, விளக்குகள் எரியும்வரை அவள் அந்தத் தெருவில் நின்றாள். காற்றும் சருகும் தவிர ஒன்றுமில்லை. ஊர் திரும்பிய மறுநாள் அந்தியில், வீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று தரகரை அனுப்பி ஃபோனைக் காதில் வைத்தாள். மகன் அங்கே இருந்தான். ஃபோனில் மட்டுமே இருந்தான்.

அதன்பின் குழாய் ஒழுகுகிறதா, மாடியில் தண்ணீர் நிற்கிறதா என்று அவள் கண்டுபிடித்த காரணங்களுக்கெல்லாம் தரகர் போய்வந்தார். அவருடைய சிரிப்பு மெல்லக் குறைந்தது. ஒரு நாள் அவராகவே அழைத்தார்.

"மேடம், குடிவர ஒரு குடும்பம் ரெடியா இருக்கு. புருஷன், பொண்டாட்டி, ஒரு பொம்பளப் பிள்ளை. ஸ்கூல் பக்கம்னு ரொம்ப ஆசைப்படுறாங்க."

"நல்லதுதானே?"

"இல்ல மேடம்... அக்கம்பக்கம் விசாரிச்சேன். முன்னாடியே விசாரிச்சிருக்கணும், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். இந்தத் தெருவுல குழந்தை இருக்கிற வீடே கிடையாது. குழந்தையோட வந்தவங்க எல்லாரும் குழந்தை இல்லாமத்தான் காலி பண்ணிட்டுப் போயிருக்காங்க. தேடித் தேடி ஓஞ்சு போயிட்டாங்களாம். எனக்கும் பேத்தி இருக்கு மேடம். இவங்ககிட்ட சொல்லிடவா? வீடு உங்களோடது, நீங்கதான் சொல்லணும். எதுவானாலும், சாவியைக் கொடுத்த பிறகு நான் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன்."

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது; ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு, அந்த மூடிய கதவின் அடிவரை போயிற்று. சொன்னால் அவர்கள் வரமாட்டார்கள். வீடு பூட்டிக் கிடக்கும். அந்தத் தெருவில் அவளுக்காக ஃபோனைப் பிடிக்க ஒரு கையும் இருக்காது. அவன் எண்ணிக்கொண்டே இருப்பான். யாரும் கேட்காமல்.

முகம் தெரியாத அந்தச் சிறுமியை நினைக்காமலிருக்க முயன்றாள். முடியவில்லை. நினைத்தபடியேதான் சொன்னாள்.

"சொல்ல வேண்டாம். வரச் சொல்லுங்க."

குடிவந்த பெண் வெகுளி. 'அக்கா, அக்கா' என்று வாய் ஓயாமல் பேசுவாள். அந்தி நேரத்தில் வீட்டுக்காரி ஏன் தினமும் அழைக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. "எங்க மாமியார்கூட இவ்ளோ விசாரிக்க மாட்டாங்கக்கா!" பேச்சின் பின்னால் பந்து சுவரில் மோதும். செருப்புகள் படபடக்கும். இவள் ம் கொட்டுவாள்.

அன்று அழைத்தபோது அந்தப் பெண் மூச்சிரைத்தாள்.

"அக்கா... பாப்பாவைக் காணோம்க்கா. இப்பத்தான் வாசல்ல நின்னா. பால் அடுப்புல இருந்துச்சு, அணைச்சுட்டு வர்றதுக்குள்ள... தெருவுல ஒரு ஆள் இல்லக்கா. பாப்பா! ஏய் பாப்பா!"

கேட் கிறீச்சிட்டது. சருகுகள் நொறுங்கின. அந்தப் பெண் ஓடுகிறாள். ஃபோன் அவள் கையில் ஆடுகிறது.

ஓட்டத்தின் ஊடே, மிக அருகில், ஒரு புதுச் சிரிப்பு.

சின்னப் பெண்ணின் சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காதது.

"பாப்பா, அம்மா அழுறேன் பாரு! வந்துடு தங்கம்!"

சிரிப்பு நின்றது. தயங்கியது. "அம்மா கூப்பிடுறாங்க" என்றது சின்னப் பெண்ணின் குரல்.

"ஷ்ஷ்" என்றான் இவளுடைய மகன். "அவங்களுக்குக் கேக்காது. வா."

செருப்புச் சத்தங்கள். இரண்டு ஜோடி. விலகின.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? இங்க எதுவுமே கேக்கலக்கா. உங்களுக்கு... உங்களுக்கு ஏதாவது கேக்குதா?"

கூடம் இருண்டிருந்தது. அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"இல்லம்மா" என்றாள். "ஒண்ணும் கேக்கல. ஃபோனை மட்டும் வச்சிடாதே."