மார்லிஸ் கேட்ட வெண்டல்

ஞாயிறு ஆராதனை முடிந்து மார்லிஸ் வீடு திரும்பியபோது, வாசலில் பனி வாரப்பட்டிருந்தது. சாலையிலிருந்து பின்கதவு வரைக்கும் ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்குப் பாதை. வாரிய பனி முழுக்க இடது பக்கமே குவிந்திருந்தது. அப்படிக் குவிக்கிறவன் அவளுக்குத் தெரிந்து ஒருவன்தான், வெண்டல். அவன் அவளை விவாகரத்து செய்துவிட்டுப் போய்ப் பதினோரு வருஷம். பாதையில் காலடித் தடம் ஒன்றுகூட இல்லை.

யாரோ அக்கம்பக்கத்தார் செய்த உபகாரம் என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். வடக்கு டகோட்டாவின் வெட்டவெளியைக் கடந்து வரும் காற்று சுவரில் உரசிக்கொண்டிருக்க, சூடேறிய இரும்புக் குழாய்களின் வாசனையும் காலையில் ஆறிப்போன காப்பியின் கசப்பும் எப்போதும்போலக் கலந்து கிடக்க, அவற்றுக்கு அடியில், தரைப்பலகை இடுக்குகளிலிருந்து கசிவதுபோல, இயந்திர எண்ணெயும் நனைந்த கம்பளியும் சேர்ந்த ஒரு மணம் மெல்ல மேலேறி வந்தது.

தொலைபேசி அடித்தது. தங்கை லவான்.

"மோதிரத்தக் கழட்டினியா இல்லையாக்கா?"

"ஆரம்பிச்சுட்டியா?"

"மூணே வருஷம் குடும்பம் நடத்தினே. அதுக்குப் பதினோரு வருஷம் காவலா? அவன் அங்க பில்லிங்ஸ் ஊர்ல ரெண்டு பிள்ளைக்கு அப்பன். உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"கோர்ட்டுக் காகிதத்துல பிரிச்சா பிரிஞ்சிருமா? சாவு வரைக்கும்னு கர்த்தர் முன்னாடி சொன்னேன்டி. அவன் சொன்னத அவன் மறந்தா நானும் மறக்கணுமா?"

"நீ நச்சரிக்கிற நச்சரிப்புக்குக் கர்த்தர் எப்பவோ காதைப் பொத்தியிருப்பாரு. வேற யாராச்சும்தான் உன் ஜெபத்தைக் கேட்டுட்டிருக்கணும்."

மார்லிஸ் ரிசீவரை ஓங்கி வைத்தாள். எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். பாதிரியார் பக்குவமாகச் சொன்னார். தங்கை பட்டென்று சொன்னாள். வெண்டலுக்கு அவள் எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. ஒருத்தி கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது இவ்வளவு பேருக்கு ஏன் உறுத்துகிறது?

அப்போது நிலவறையில் குழாயின் மீது ஸ்பானர் தட்டும் ஓசை. அதைத் தொடர்ந்து, பல்லிடுக்கில் காற்றை விட்டு மெட்டில்லாமல் அடிக்கும் சீழ்க்கை.

அவள் ஓடினாள். நிலவறைக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"வெண்டல்?"

"ஆமா, மார்லி."

அவன் குரலேதான். அந்தச் செல்லப் பெயரை வேறு யாரும் அறிய மாட்டார்கள்.

"எப்ப வந்தே?"

"நீ கூப்பிட்டப்ப."

"மேல வாயேன்."

"இதோ வரேன்."

அவன் வரவில்லை. இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கி வேகவைத்திருந்ததை அடுப்பில் வைத்துச் சூடாக்கினாள். தலையை வாரிக்கொண்டாள். மறுபடி கூப்பிட்டாள். "இதோ வரேன்." அதே ராகம், அதே இழுப்பு. நான்காவது தடவை கூப்பிட்டபோது சந்தோஷம் வடிந்து எரிச்சல் ஏறியிருந்தது. இத்தனை வருஷம் காத்திருந்தவளை இன்னும் ஒரு மணி நேரம் காக்கவைக்க இவனால்தான் முடியும்! தானே இறங்கிப் போய் இழுத்து வருவதென்று கதவின் குமிழில் கைவைத்தாள்.

தொலைபேசி அடித்தது.

"மார்லிஸ், நான் வெண்டல் பேசறேன்."

பின்னணியில் ஒரு குழந்தை சிணுங்கியது. கீழே ஸ்பானர் தட்டிக்கொண்டிருந்தது.

"நீ... கீழ இருக்கியே," என்றாள்.

"என்னது? நான் பில்லிங்ஸ்ல இருக்கேன், என் வீட்ல. லவான் இப்பத்தான் ஃபோன் பண்ணி அழுதா. இதப் பாரு, இனிமே எனக்குக் கடுதாசி போடாதே. நீ ஆசை வச்சிருக்கிறது என் மேல இல்ல. நீயா ஒருத்தனை செஞ்சு வச்சிருக்கே. என் கண்ணு என்ன நிறம்? அதையாவது சொல்லு பாப்போம்."

அவளுக்குச் சுர்ரென்று வந்தது. "நீலம்!"

மறுமுனையில் அவன் குழந்தையை யாரிடமோ கொடுப்பது கேட்டது.

"பழுப்பு, மார்லிஸ்." குரலில் களைப்பு. "பொறந்ததுலேர்ந்து பழுப்புதான்."

கீழே தட்டல் நின்றது. சீழ்க்கையும் நின்றது.

"நீலமா?" என்றது நிலவறைக் குரல். "சரி."

படி ஏறும் சத்தம். நிதானமாக. ஒன்று. இன்னொன்று.

அவள் கையிலிருந்து ரிசீவர் நழுவியது. கதவில் தாழ்ப்பாள் உண்டு. இரண்டே எட்டு. கால் அசையவில்லை. வரவேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். பதினோரு வருஷம் பழகிய நாக்கு.

"வா," என்றது.

குமிழ் திரும்பியது.

வெண்டலின் நெற்றி. வெண்டலின் மூக்கு. மோவாயின் நடுவே அதே குழிவு. இமைகள் மட்டும் மூடியிருந்தன. அவளுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றான். மூச்சில்லை. சூடில்லை.

"பாரு, மார்லி."

இமைகள் திறந்தன.

நீலம். கருமணி இல்லை. வெள்ளை இல்லை. ஓரத்திலிருந்து ஓரம்வரை நீலம். இப்போதுதான் பூசிய சாயம் இன்னும் காயாமல், இரண்டு கோடுகளாகக் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.