பிற்காலச் சேதம்

கல்லம்பாடியில் அலுவலகங்கள் காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும். பத்து மணிக்கு மேல் வெயில் நாற்பத்தெட்டைத் தாண்டும். அப்புறம் தெருவில் நாய்கூட நிற்காது. அந்தப் புதன்கிழமையும் நிறைமதி ஐந்து மணிக்கு மேசையில் உட்கார்ந்து, மறுசீரமைப்புக் குழுவுக்கு வந்திருந்த மனுக்களைத் திறந்தாள். பழைய தபால் நிலையத்துக்குச் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்வுப்பாதை வேண்டுமாம். நிராகரித்தாள். மேலத் தெருவில் ஒருவர், குளியலறையில் வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொண்ட அப்பாவுக்காகக் கைப்பிடிக் கம்பி கேட்டிருந்தார். அதையும் நிராகரித்தாள். காரணம் எழுதும் கட்டத்தில் பதினெட்டு வருடமாக எழுதிவரும் அதே வரி: ‘அசல் நாளில் இல்லாதது.’

ஆற்று மணல் தீர்ந்து, சிமெண்டுக்கும் தடை வந்த பிறகு நாட்டில் புதுக் கட்டடம் என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. தடித்த சுண்ணாம்புச் சுவர் உள்ள பழைய கட்டடங்கள்தான் வெயிலைத் தாங்கின. அவற்றை ஆளாளுக்கு இடித்து மாற்றிவிடாமல் இருக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். ‘நாள்கணிப்பி’ என்ற இயந்திர அறிவு, ஒரு கட்டடத்தைப் பற்றிய ஆவணங்களை எடைபோட்டு, அதற்கு ஓர் அசல் நாளைக் குறிக்கும். அன்றைக்கு இருந்தபடியே இன்றைக்கும் இருந்தால் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இருந்தால் குளிர்க்கவிகை கிடைக்கும். கூரைமேல் விரிந்து வெப்பத்தைத் தடுக்கும் மென்படலமும் அதற்கான மின்சாரமும். சான்றிதழ் இல்லாத கட்டடம் வெந்து சாகவேண்டியதுதான்.

மூன்றாவது மனு ஊர் உயர்நிலைப் பள்ளியுடையது. அனுப்பியவர் பள்ளி அறக்கட்டளைத் தலைவர் ரத்தினசபாபதி. அசல் நாள்: 1936 பிப்ரவரி 11. நிறைமதி பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தாள். ஓடுகள் மாற்றம், சரி. சுண்ணாம்புப் பூச்சு, சரி. கிழக்குச் சுவரில் உள்ள திறப்பு: பிற்காலச் சேதம், அடைக்கப்பட வேண்டும். கிழக்குத் தாழ்வாரத்தின் மரக் கிராதி: மீண்டும் பொருத்தப்பட வேண்டும்.

சேதம் என்றால் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நாள்கணிப்பியின் குறிப்புகளைக் கண்முன் காட்டும் காட்சிக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

தலைமையாசிரியர் ஜெபமணி அவளைக் கிழக்குப் பக்கம் கூட்டிப்போனார். சுவரைக் கோணல்மாணலாக உடைத்து வைத்த ஒரு வாசல். பிள்ளைகள் அதன் வழியாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

“இதைத்தான் சேதம்னு போட்டிருக்காங்களா மேடம்?”

“ஆமா டீச்சர். இது எப்ப வச்சது?”

“சுதந்திரம் வந்த வருஷம்னு சொல்லுவாங்க. தேதி யாருக்கும் தெரியாது.” ஜெபமணி வாசலின் ஓரத்தைத் தொட்டார். “அதுவரைக்கும் எங்க கிழக்குத் தெருப் பிள்ளைங்கள சாதி சொல்லி உள்ள விடலை. தாழ்வாரத்துல, கிராதிக்கு வெளிய உக்காரணும். வாத்தியார் சொல்றது காதுல விழுந்தா பாடம். விழலைன்னா அன்னிக்குப் பாடம் இல்ல. ஒருநாள் பெத்தவங்க கடப்பாரையோட வந்து சுவரையே உடைச்சுட்டாங்க. நிலைக்கு மரம் கொடுக்க ஆளில்ல. அதான் பாருங்க, இந்தப் பக்கம் கட்டில் கால், அந்தப் பக்கம் வண்டிச் சட்டம். கீழ கிடக்குறது யாரு வீட்டு அம்மியோ.”

நிறைமதி குனிந்தாள். மிளகாயும் தேங்காயும் அரைத்து நடுவில் குழிந்துபோன கல், வாசற்படியாகக் கிடந்தது. அதன்மேல் காட்சிக்கண்ணாடி சிவப்பு எழுத்தில் மிதக்கவிட்டது: ‘தரமற்ற கலப்புப் பொருள். அகற்றுக.’

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். காது மடல் சுட்டது. வெயிலால் இல்லை.

அன்றும் மறுநாளும் கிழக்குத் தெருவில் வீடு வீடாகப் போய், வயதானவர்கள் ஒன்பது பேரின் பேச்சைப் பதிவுசெய்து நாள்கணிப்பியில் ஏற்றினாள். பதில் உடனே வந்தது. வாய்மொழி: எடை சுழியம். 1936ஆம் ஆண்டின் புகைப்படம்: எடை தொண்ணூற்றாறு.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. நிறைமதி, வரலாற்றுப் பேராசிரியர் பானுமதி, தலைவர் சேதுமாதவன் என்று மூன்றே உறுப்பினர்கள். மனுதாரர் ரத்தினசபாபதி அந்தப் புகைப்படத்தைச் சுவர்த்திரையில் பெரிதாக்கிக் காட்டினார்.

“நடுவுல தலைப்பாகையோட நிக்கிறது எங்க கொள்ளுத் தாத்தா. திறப்பு விழா அன்னிக்கு எடுத்தது. எவ்வளவு அம்சமா இருக்கு பாருங்க. அந்த ஓட்டை வந்துதான் கட்டடத்தோட முகமே கெட்டுப்போச்சு.”

“அது ஓட்டை இல்ல சார். வாசல்” என்றாள் நிறைமதி.

“சரி, வாசல். வடக்கே பெரிய வாசல் இருக்குல்ல? எல்லாப் பிள்ளைங்களும் அதுல வரட்டும். யாரையாவது வெளிய உக்காருன்னு நாங்க சொல்றோமா? கிராதி வெறும் அழகுக்குத்தாம்மா.”

சேதுமாதவன் தொண்டையைச் செருமினார். “உணர்ச்சி வேற, சட்டம் வேற. நாள்கணிப்பிக்குச் சாதி தெரியாது நிறைமதி.”

“தெரியாதுதான் சார். அதுக்குத் தெரிஞ்சது இந்தப் படம் மட்டும்தான். படம் எடுத்த அன்னிக்கு அந்தப் பிள்ளைங்க கிராதிக்கு வெளிய இருந்தாங்க. அதனால படத்துலயே இல்ல. படத்துல இல்லாததால இன்னிக்கும் இல்லைங்கறீங்க. கேமரா யாருகிட்ட இருந்துச்சோ அவங்களோட நாள்தான் அசல் நாளா?”

“பதினெட்டு வருஷமா இதே சட்டத்தை வச்சுத்தானே எல்லாரோட மனுவையும் தள்ளினீங்க?” என்றார் சேதுமாதவன்.

கைப்பிடிக் கம்பி கேட்டவரின் பெயரைக்கூட அவள் மறந்திருந்தாள். அந்த அவமானமும் சேர்ந்துதான் அவளுக்குள் எரிந்தது. பானுமதி தலை நிமிராமலே மனுவுக்கு ஆதரவாகக் கை தூக்கினார். இரண்டுக்கு ஒன்று. மனு நிறைவேறியது.

ஜெபமணியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் வகுப்பறைப் பக்கம் திரும்பினார். “போன மாசம் மட்டும் அஞ்சு பிள்ளைங்க வகுப்புலயே மயங்கி விழுந்துச்சு மேடம். குளிர் வேணும். நான் எதைன்னு சொல்லுவேன்?”

பத்தே நாளில் வாசலை அடைத்துப் பூசிவிட்டார்கள். எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாதபடி வேலை சுத்தமாக இருந்தது. கிராதி வந்தது. குளிர்க்கவிகை கூரைமேல் விரிந்தது. வகுப்பறை வெப்பம் முப்பத்தொன்றுக்கு இறங்கியது.

நிறைவுச் சான்றில் கையெழுத்திட நிறைமதி திங்கட்கிழமை காலை போனாள். கவிகை போட்ட கட்டடத்தில் குளிர் வெளியேறாமலிருக்க ஆறரைக்கு எல்லாக் கதவும் தானாகப் பூட்டிக்கொள்ளும்; ஆபத்து நேரத்துக்கு மட்டும் அலுவலகக் கதவுக்கு ஒரு சாவி உண்டு. கிழக்குத் தெருவுக்குத் தண்ணீர் லாரி ஆறு மணிக்குத்தான் வரும். குடம் பிடித்து வைத்துவிட்டு, கிழக்கு வாசல் வழியாக ஒரே ஓட்டமாக நுழைந்து பழகிய பிள்ளைகள், இப்போது சுவரில் வந்து முட்டி, சுற்றிக்கொண்டு வடக்கே போவதற்குள் கதவு பூட்டிக்கொண்டுவிட்டது. வெயிலுக்கு ஒதுங்க நிழல் தாழ்வாரத்தில்தான் இருந்தது.

பதினொரு பிள்ளைகள் கிராதிக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஆசிரியர் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண் சுவரில் காதை ஒட்டவைத்துக் கேட்டு, மடியில் இருந்த நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

யாரும் அவர்களை அங்கே உட்காரச் சொல்லவில்லை.

நிறைமதி திரும்பினாள். அரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த கிழக்குத் தெருவுக்கு விறுவிறுவென்று நடந்தாள். சூரியத் தகடு பழுதுபார்க்கும் சுடர் வாசலில் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சுவரில் காது வைத்திருந்தவள் அவளுடைய மகள்தான்; பதிவுக்கு வீடு வீடாகப் போனபோது நிறைமதி பார்த்திருந்தாள்.

“ஒங்க பொண்ணு எங்க இருக்கான்னு வந்து பாருங்க” என்றாள் நிறைமதி.

சுடர் வந்து பார்த்தாள். திரும்பிப் போனவள் கால் மணி நேரத்தில் கடப்பாரையோடு வந்தாள். பின்னால் இருபது, முப்பது பேர். ஜெபமணி அலுவலகக் கதவைச் சாவி போட்டுத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

“இடிச்சா சான்றிதழ் போயிடும். கவிகை நின்னுடும்” என்றாள் நிறைமதி. “எல்லாப் பிள்ளைங்களும் வேகணும். மொத்தத்தையும் யோசிச்சுக்கோங்க.”

“எம் பொண்ணு இப்பவே வெந்துக்கிட்டுத்தானே இருக்கா?” என்றாள் சுடர்.

ஜெபமணி கூட்டத்தைப் பார்த்தார். “கவிகை போனா போகட்டும், வெயிலுக்கு முன்னாடி விடியக்காலை நாலு மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் பள்ளிக்கூடம் வச்சுக்கலாம். பிள்ளைங்களை மைதானத்துக்கு அனுப்பிட்டு வர்றேன், பொறுங்க.”

உள்ளே இருந்தவர்கள் வெளியேறியதும் சுடர் கடப்பாரையை ஓங்கினாள்.

“அங்க இல்ல!” நிறைமதி அவள் கையைப் பிடித்தாள். “அது பாரம் தாங்குற இடம். மேல இருக்கிறது சரிஞ்சு விழும்.” ஜெபமணியிடம் சாக்பீஸ் வாங்கி, பதினெட்டு வருடமாக ஓர் ஆணிகூட அடிக்க விடாதவள், சுவரில் அளந்து நான்கு கோடு போட்டாள். “இதுக்குள்ள அடிங்க.”

ஒன்பது மணிக்கு முன்பே சுவர் திறந்துவிட்டது. அதே நிமிடம் கூரைமேலிருந்த படலம் சுருங்கி மடங்கியது. அனல் குப்பென்று உள்ளே இறங்கியது. ஒரு குழந்தை அழுதது.

கட்டடக் காவல் அலுவலர் வண்டியில் வந்து இறங்கினார். கூட்டத்தையும் செங்கல் குவியலையும் பார்த்துவிட்டுக் கையிலிருந்த பதிவுப்பலகையைத் திறந்தார். “யாரு செஞ்சது இது? சேத அறிக்கையில பேர் எழுதணும். ஒருத்தர் பேர் போதும், வழக்கு அவங்க மேலதான் வரும்.”

கூட்டம் பின்வாங்கியது. நிறைமதி முன்னால் போனாள். “கோடு போட்டது நான். நிறைமதி, மறுசீரமைப்புக் குழு உறுப்பினர். எழுதுங்க.” பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “சேத அறிக்கை அரசு ஆவணம். நாள்கணிப்பி அதுக்கு நூறு எடை போடும். போன தடவை ஒடைச்சவங்க பேரை யாரும் எழுதல. அதனாலதான் அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு சொல்ல முடிஞ்சது.”

அப்புறம் சுடர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள்.

“சுடர். அப்பா பேர் மாசிலாமணி. கிழக்குத் தெரு.”

“ஒருத்தர் போதும்னு சொன்னேனேம்மா.”

“எழுதுங்க சார்.”

அடுத்து ஜெபமணி நின்றார். அவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். வெயில் நாற்பத்தாறைத் தொட்டிருந்தது. வியர்வை ஒழுக ஒழுக வரிசையில் நின்று, ஒவ்வொருவரும் தம் பெயரையும் அப்பா அம்மா பெயரையும் தெருவையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்கள். அலுவலர் எழுத்துப் பிழை விட்ட இடத்தில் திருத்தச் சொன்னார்கள்.